மூன்று தொட்டிகளின் கொள்ளளவு பற்றி மைத்துனனுக்கு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
12-5-1973

மதராஸில் சகல சௌகரியங்களுடன் வாழும் என் மைத்துனன் சிரஞ்சீவி பரசுராமனுக்கு, மாமா குமாரசாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா கமலாட்சியும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் க்ஷேமம் விசாரிக்காதே.

உன் கார்டு கிடைத்தது. ஊர் திரும்பும் வெள்ளைக்காரத் தம்பதியிடம் வாங்கிய பழைய வீட்டு வண்டியை, படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உள்ள அந்த வண்டியை, "நாலே நாள், மாமா" என்று சொல்லிப் பங்குனியில் என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனாய். இப்போது அதை வாங்க வரும் சினிமாக் கம்பெனிக்காரர், மூன்று தொட்டிகளும் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்கிறாராம். முப்பது வருஷம் குடிநீர் ஓவர்சியராக இருந்த எனக்கு இது அரை மணி வேலை என்று எழுதியிருக்கிறாய். அந்த அரை மணியில் நடந்ததைக் கேள்.

நல்ல தண்ணீர்த் தொட்டி படுக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து, 60 என்ற எண் மட்டும் மிச்சம். லிட்டரா, கேலனா? லாரி மெக்கானிக் சாமுவேலைக் கூப்பிட்டேன். "எதுவா இருந்தா இன்னா சார், அறுவது அறுவதுதானே?" என்றான். அவனிடம்தான் நீ வண்டி ஓட்டக் கற்றாய். அளந்து பெருக்கலாம் என்றால், தொட்டி சக்கரத்துக்கு இடம் விட்டு ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கம் வயிறு உப்பி, உன்னைப் போலவே எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. மூன்று தாள் எழுதி முடிப்பதற்குள் உன் அக்கா வந்தாள். "இதுக்கு இன்னாத்துக்குங்க இத்தினி பேப்பரு? கொடத்தால ஊத்தினா தெரிஞ்சிடப் போவுது."

சரி, முறைப்படி செய்வோம் என்று, தொட்டி காலியா என்று பார்க்க அதன் வெளிக்குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. பிறகு அவள் தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்து ஊற்ற, நான் நாற்காலியில் உட்கார்ந்து குடத்துக்கு ஒரு கோடு போட்டேன். பதினைந்து லிட்டர் குடம். பத்தொன்பதாவது குடத்திலும் தொட்டி நிரம்பவில்லை. வெள்ளைக்காரன் மூளையே மூளை, வெளியே சின்னதாகவும் உள்ளே பெரிதாகவும் செய்திருக்கிறான் என்று நான் சாமுவேலுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

"யோவ் ஓவர்சியரே! பாவு பூரா நனையுதுய்யா!"

எதிர்வீட்டு நெசவாளர் முனிசாமி. கல்யாணப் புடவைக்கான பட்டு நூலைப் பாவாகத் தெருநெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் ஊற்றியதெல்லாம் வெளிக்குழாய் வழியாக அதன் மேல் பீச்சியடித்துக் கஞ்சியைக் கழுவிவிட்டிருந்தது.

"குழாயை மூடாமல் விட்டது யார்?" என்று கர்ஜித்தேன். சாமுவேலும் உன் அக்காவும் என்னையே பார்த்தார்கள்.

முனிசாமி அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "வாய்யா, மறுபடி கஞ்சி போடணும். நீயே புடிச்சிக்கினு நில்லு" என்று பாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். கத்திரி வெயிலில், அது காயும்வரை நின்றேன். என்னைக் கண்டால் எழுந்து நிற்கும் தெரு, உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அவர் மனைவி அங்கம்மாள் மோர் கொண்டுவந்தாள். வாங்கக் கை இல்லை. பாவு பிழைத்தது. என் மரியாதை பிழைக்கவில்லை.

இரண்டாவது, அழுக்குநீர்த் தொட்டி. அடியில் என் கை போகும் அளவுக்கு ஓட்டை. ஆகவே கொள்ளளவு பூஜ்யம். மூன்றாவது, கக்கூஸ் தொட்டி. அளவுகோலை உள்ளே விட்டேன். பாதியில் நின்றது. "எடுத்துடுங்க சார், அந்த வெள்ளக்காரங்க வுட்டுட்டுப் போனது உள்ளியே இருக்குது" என்று சாமுவேல் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அது எவ்வளவு கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. தற்சமயம் நிறைந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தரத் தயார்.

வெள்ளிக்கிழமைக்குள் வந்து வண்டியை எடுத்துப் போ. தவறினால் வேகவதி ஆற்று மணலில் தள்ளிவிடுவேன். உன் குழந்தைகளுக்குத் தீர்க்காயுசையும், உனக்குக் கொஞ்சம் புத்தியையும் ஏகாம்பரநாதர் அருளட்டும்.

இப்படிக்கு,
குமாரசாமி, ஓவர்சியர் (ஓய்வு)

பி.கு.: வெள்ளிக்கிழமை வரவேண்டாம். என்றைக்குமே வரவேண்டாம். நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது உன் அக்கா வெளிக்குழாயை மூடிவிட்டு ஊற்றிப் பார்த்திருக்கிறாள். நாலு குடத்தில் நிரம்பிவிட்டது, அறுபது லிட்டர்தான். வண்டிக்குள்ளே போய்க் குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியிருக்கிறது. இப்போது அவளுடைய பாத்திரங்கள் எல்லாம் அங்கே, வண்டிச் சாவி அவள் முந்தானையில். "ஊருக்கெல்லாம் கொழா போட்டீங்க, நம்ம ஊட்டுக்குள்ள ஒண்ணு வந்திச்சா? இனிமே இதாங்க என் சமையக்கட்டு. தம்பிக்கு எழுதிடுங்க" என்றாள். எழுதிவிட்டேன். தினம் நாலு குடம் யார் சுமப்பது என்று கேட்டேன். குடத்தை என் தோளில் ஏற்றினாள்.