வாத்துக் குடைக்குப் பின்னால்

அன்றைக்கு எங்களுக்கு லீடராக இருந்தது யார்? எட்டு மாதமாக யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை. கையில் குடை பிடித்திருந்தது நான்தான். ஆனால் குடை பிடித்தவரெல்லாம் லீடர் என்றால், சுவாமி புறப்பாட்டில் குடை பிடிப்பவர்தானே சாமி?

படூரில் ஆபீஸ், ஊரப்பாக்கத்தில் வீடு. மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் வேலை. எங்கள் டீமில் பதினோரு பேர். புதிதாக வந்த மேனேஜர் சார் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு வாரம் நான் லீடர், தேன்மொழி அக்கா என் பேச்சைக் கேட்க வேண்டும். மறுவாரம் அவர் லீடர், நான் கேட்க வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒருவரை நிரந்தரமாக்குவார்.

தேன்மொழி அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய வாரத்தில், "ஏய் பவி, அத்த முடி" என்பார். முடிப்பேன். என் வாரத்தில் நான், "அக்கா, கோவிச்சுக்காதீங்க, நேரம் இருந்தா, முடிஞ்சா, அந்த ஃபைலை..." என்று இழுப்பேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் ஃபைலையே முடித்திருப்பார்.

டீமில் மற்றவர்களுக்கு மத்தியான ஷிப்ட், நிரந்தர லீடருக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அப்போது நான் வீடு போய்ச் சேரும்போது இரண்டரை வயது யாழினி தூங்கியிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைப் பார்த்து, "நீ இன்னிக்கு இருக்கியா?" என்று விருந்தாளியிடம் விசாரிப்பதுபோல் கேட்டாள். (தேன்மொழி அக்காவுக்கும் அந்த ஷிப்ட் வேண்டுமா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டு, வேண்டும் என்று சொல்லிவிட்டால்?)

மூன்றாவது மாதக் கடைசியில் எல்லோரும் மாமல்லபுரம் போனோம். என் வாரம். வேனில் ஏறும்போது சார் சொன்னார், "பவித்ரா, இன்னைக்கு நான் மேனேஜர் இல்ல. நீங்க எங்க போறீங்களோ, பின்னாடியே வருவேன்."

இதுதான் பரீட்சை என்று புரிந்துவிட்டது. கூட்டத்தில் என்னைத் தெரிய வேண்டுமே என்று குடை கொண்டுபோயிருந்தேன். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது யாழினியின் குடை. மஞ்சள் நிறம், சுற்றிலும் வாத்துகள்.

கடற்கரைக் கோயில் வாசலிலேயே தடங்கல். எனக்கு ஒரு வியாதி உண்டு. மேலதிகாரி பக்கத்தில் வந்தால் கால் தானாக ஒதுங்கி வழி விடும்.

"நீங்க முதல்ல போங்க சார்."

"இல்ல, நீங்கதானே லீடர். நீங்க போங்க."

"பரவாயில்ல சார்..."

எங்கள் பின்னால் நீண்டுவிட்ட வரிசையிலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தார். "இன்னாம்மா, வயிய மறிச்சிகினு நிக்கிற? உள்ள போறியா, இல்ல இங்கியே வூடு கட்டிக்கப் போறியா?"

உள்ளே போனேன். ஆனால் நாலடி நடந்ததும் கால் பழையபடி வேகத்தைக் குறைத்தது. சார் எனக்கு முன்னால் போய்விட்டார். போனவர் கோயில் பக்கம் போகாமல் சட்டென்று இடது பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

எனக்குக் குழப்பம். இது என்ன, குறிப்புக் காட்டுகிறாரா? என் திட்டம் தப்பா? லீடர் என்பவள் சூழ்நிலையைப் படிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களே! படித்தேன். குடையை உயர்த்தி, "எல்லாரும் இந்தப் பக்கம்!" என்றேன்.

தேன்மொழி அக்கா மட்டும் காதருகே வந்தார். "ஏய் பவி, அவரு நடையே சரியில்ல. வேற இன்னாவோ அவசரம் மாரி கீது. வுட்டுடு."

மூன்று மாதத்தில் முதல்முறையாக நான் அதிகாரத்தோடு பேசினேன். "அக்கா, இது என் வாரம்."

"சரி லீடரு. நட."

சார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாத்துக் குடை துரத்துகிறது. அவர் வேகத்தைக் கூட்டினார். நானும் கூட்டினேன். மரங்களுக்குப் பின்னால் ஒரு சிறிய கட்டடத்துக்குள் அவர் மறைந்தார். வாசலில் போய் நின்ற பிறகுதான் பலகையைப் படித்தேன். 'ஆண்கள்.'

திரும்பிப் பார்த்தால் எங்கள் டீமுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர். சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள். குடையைப் பார்த்து என்னை கைடு என்று நினைத்து வந்திருக்கிறார்கள். முன்னால் நின்ற பெரியவர் பயபக்தியோடு கேட்டார்:

"இது இன்னா கோயிலும்மா? செருப்பு கயட்டணுமா?"

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த சார், முப்பது பேர் தனக்காக வரிசையில் நிற்பதைப் பார்த்தார். நான் மட்டும், பழக்கதோஷம், "குட் மார்னிங் சார்" என்றேன்.

திரும்பி வரும்போது வேனில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காலை ஷிப்ட் போயிற்று என்று தெரிந்துவிட்டது. தேன்மொழி அக்கா ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். "துன்னு" என்றார். அவர் வாரத்துக் குரல். தின்றேன்.

திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். "பவித்ரா, தப்பான இடத்துக்குக் கூட்டிட்டுப் போயும் ஒருத்தர்கூட விலகிப் போகல. அது சாதாரண விஷயமில்ல. இனிமே நீங்கதான் லீடர்."

இது பாராட்டா, கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. டீம் என் பின்னால் வந்தது, நான் சார் பின்னால் போனேன், சாரோ தன் அவசரத்தின் பின்னால் போனார். அப்படியானால் அன்று எங்கள் எல்லோருக்கும் தலைமை தாங்கியது சாருடைய சிறுநீர்ப்பை அல்லவா? சரியான யோசனை சொன்னது தேன்மொழி அக்கா. அதைக் கேட்காத எனக்குப் பதவி!

இப்போது ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கிறேன். யாழினி அந்தக் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பாள், நான் பின்னால் போக வேண்டும். நான் பாத்ரூம் பக்கம் போனால் போதும், கூடத்திலிருந்து என் கணவர் குரல் கொடுப்பார், "லீடரம்மா, செருப்பு கயட்டணுமா?" மாமியார் வீட்டு விசேஷங்களிலும் இது பரவிவிட்டது.

என் தொல்லை வேறு. தினமும் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, தன் ஷிப்டுக்கு வந்த தேன்மொழி அக்கா லிஃப்ட் வாசலில் நிற்கிறார். "நீ லீடரு, நீ போ" என்கிறார். "நீங்க பெரியவங்க, நீங்க போங்க" என்கிறேன். கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் காலியாக மேலே போகிறது. நான்கு மாடி ஏறுகிறோம். படியிலும் யார் முன்னால் என்பது தீரவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து ஒரு வழி சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் செய்கிறேன், தேன்மொழி அக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.