எண்ட பொஞ்சாதிய ஏசுறது யாரு?

கூச்சக்காரரைப் பேசவைப்பது சுலபம். நிறுத்தவைப்பதுதான் கஷ்டம்.

யுத்த காலம். சிலாபம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தற்காலிகச் சிற்றூழியர். சோதனைச் சாவடிகளில் பஸ் நின்றுவிட்டால் அடுத்த டியூட்டித் தாதி வரமாட்டார். இருப்பவரே தொடர வேண்டும். களைத்துப்போன தாதி மிஸ்மாரின் வாய் ஊசியைவிடக் கூராகிவிட்டது. கோபத்தையும் கவலையையும் கையாளப் பழக்குவதற்குக் கொழும்பிலிருந்து பயிற்சியாளர் சேர் ஒருவர் வந்தார்.

நான் தேநீர் கொடுக்கப் போனேன். (அதோடு திரும்பியிருக்கலாம்.)

"நோயாளியின்ட சொந்தக்காரர் ஏசுற மாதிரி நடிக்க ஓராள் வேணும். நீங்க வாங்க" என்றார் சேர்.

மூலையில் மேட்ரன். அவர் நல்ல வார்த்தை சொன்னால்தான் என் வேலை நிரந்தரமாகும். மறுக்க முடியுமா?

எதிரே நஸீரா மிஸ். நான், "மருந்து..." என்றேன்.

"மேரி, காதுல பாடிக் கடிக்கிற நுளம்பு கூட இதவிடச் சத்தமாக் கத்தும்" என்றார் மிஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டேன். வார்டில் தினமும் வாங்கிய ஏச்செல்லாம் வரிசையில் வந்தது.

"காலையில இருந்து கேக்குறன், காது செவிடா? நீங்கெல்லாம் மனுசரா?"

ஜன்னல் அதிர்ந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

கதவு படாரென்று திறந்தது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் கணவர்! சாரத்தை மடித்துக் கட்டி, கையில் மீன்கறிப் பார்சலோடு நின்றார்.

"எண்ட பொஞ்சாதிய ஏசுறது யாரு?"

"நான்தான்" என்றேன், பழைய நுளம்புக் குரலில்.

"பொய் சொல்லாத புள்ள! யாருக்குப் பயப்படுற?"

(கல்யாணமாகி ஆறு வருஷம். அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.)

பார்சலை ஓங்கியபடி சேரை நோக்கி நடந்தார். கோபத்தைக் கையாளச் சொல்லித்தர வந்தவர் கரும்பலகைக்குப் பின்னால் போய்விட்டார். நஸீரா மிஸ்தான் அன்று படித்ததை எடுத்துவிட்டார்.

"அண்ணன், உங்கட கவலை எனக்கு விளங்குது. இருங்க. ஏசினது மேரிதான். ஏச்சு வாங்கினது நான்."

என் கணவர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். மாதக்கணக்காய்ச் சிரிக்காத மிஸ்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் மேட்ரன் கூப்பிட்டார். "நோயாளரப் பார்க்க வாற சனம் அடங்குதில்ல. இனி நீ வாசல் கேட்டுல நில். நேத்தைய குரலக் கொண்டு வா."

நிரந்தரமாகிவிட்டேன்.

இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் சத்தம் போட்டால், கணவர் கதிரையை இழுத்துப் போட்டு, "உங்கட கவலை எனக்கு விளங்குது" என்பார். பிள்ளைகள் வாசலுக்கு ஓடி, தெருவைப் பார்த்துக் கேட்பார்கள்: "எங்கட அம்மாவ ஏசுறது யாரு?"