சீனாக்காரிக்குக் குரல் கொடுத்த கேபிள் சாச்சி

சீன தேசத்தில் எத்தனை பெண்கள் கத்தி எடுத்துச் சண்டை போட்டிருந்தாலும் சரி, அத்தனை பேருக்கும் குரல் ஒன்றுதான். அந்தக் குரல் பாபநாசத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டு மாடியிலிருந்து வந்தது. நம்பாதவர்கள், தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் டிவி வைத்திருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

குரலுக்குச் சொந்தக்காரர் கேபிள் சாச்சி. முஸ்லிம் வீடுகளில் சாச்சி என்றால் சின்னம்மா. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது உறவுமுறை என்றே தெரியாது. மேனேஜர், சூப்பர்வைசர் மாதிரி கேபிள் டிவியில் அதுவும் ஒரு பதவி என்று நினைத்திருந்தார்கள். "எங்க ஊருக்கு இன்னும் சாச்சியே போடலைங்க" என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் குறைபட்டுக்கொண்டதாகக் கேள்வி.

கேபிளைத் தொடங்கியவர் அவருடைய கணவர்தான். துபாய்க்கு விசா வந்ததும், "யாராவது பையனை வச்சுப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். சாச்சி யாரையும் வைக்கவில்லை. வெள்ளைத் துப்பட்டியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஏணியில் ஏறினார். முதல் நாள் வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. "சும்மாதானே நிக்கிறீங்க? அந்த ஒயரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்று மேலிருந்து ஆளுக்கொரு வேலை கொடுத்தார். மறுநாள் ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் இல்லை.

ஒரு தடவை துபாயிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. ஊருக்குத் திரும்பிய ரூம்காரர் யாரோ விட்டுச்சென்ற வீடியோ கேசட்டுகள். எல்லாம் பழைய சீனச் சண்டைப் படங்கள். சாச்சி ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தார். ஆண்கள் சண்டை போடும் படங்களைப் பரணில் ஏற்றினார். பெண்கள் சண்டை போடும் படங்களைக் கேசட் ஓட்டும் டெக் பக்கத்தில் அடுக்கினார். ஏன் சாச்சி என்று கேட்டேன்.

"ஆம்பளை அடிக்கிறதைத் தெருவுலயே பாக்கலாமே புள்ள. அதுக்கு எதுக்குக் கேபிளு?"

மத்தியானம் மூன்று மணிக்கு நம் ஊர்ச் சேனலில் படம் என்று ஏற்பாடானது. முதல் நாளே புகார். "ஒரு மண்ணும் புரியலையே சாச்சி, கோழி கத்துற மாதிரி கத்துறாளுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். சாவு அறிவிப்பும் ரேஷன் கடை அறிவிப்பும் சொல்வதற்கு சாச்சியிடம் ஒரு மைக் இருந்தது. படத்தின் சத்தத்தை ஒட்டக் குறைத்தார், மைக்கைக் கையில் எடுத்தார், எல்லாருக்கும் தானே பேச ஆரம்பித்துவிட்டார்.

சாச்சிக்குச் சீன மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. "ஒதட்டைப் பாத்தாத் தெரியாதா? மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டு மாமியார்கிட்டதான் பேச முடியும்" என்பார். ஆகவே, எல்லாப் படத்திலும் ஒரே கதை. நாயகியின் புருஷன் பிழைக்கப் போன இடத்தில் இருப்பான், அல்லது செத்துப்போயிருப்பான். வெள்ளைத்தாடிக் கிழவர் மாமனார். இரும்பு நகம் வைத்த வில்லன் பங்காளி. அவன் வந்து, "ஒனக்கு எதுக்கு வயலு, எங்கிட்ட எழுதிக் குடுத்துடு" என்பான். அவள் ஒரு பெஞ்சைத் தூக்குவாள். அதற்குப் பிறகு வசனமே தேவைப்படாது. சாச்சி "ம்... போடு... இன்னொண்ணு போடு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மைக்கை அணைக்க மறந்துவிடுவது சாச்சியின் பரம்பரைக் குணம். பனி மூடிய மலை உச்சி மடத்தில் குக்கர் மூன்று விசில் அடித்திருக்கிறது. ஒரு நாள் மூங்கில் காட்டுக்குள் நாயகி கத்தியை ஓங்கிக்கொண்டு நின்றாள். எதிரே வில்லன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். "முருங்கக்கா கட்டு எப்படிப்பா?" என்று கேட்டாள். வில்லன் பின்வாங்கினான். "அழுகலாப் பாத்து எந்தலைல கட்டிடாத" என்று சொல்லிவிட்டு ஒரே வீச்சு. எங்கள் ஊரில் பல பேர் இன்றுவரை அதை அந்தப் படத்தின் வசனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறுவை நடவு சமயத்தில் விஷயம் முற்றியது. நடவுப் பெண்கள் படத்துக்கு முன்னால் கரையேறியே தீருவது என்று நின்றார்கள். நிலக்காரர் ஒருவர் சாச்சி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"நாத்தை நடுறாளுங்களா, எறியறாளுங்களான்னே தெரியலைம்மா. கத்தி வீசுற மாதிரி நாத்துக் கட்டை வீசுறாளுங்க. நேத்து ஒண்ணு எம் மூஞ்சில பட்டுச்சு. படத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"நீங்க என்னங்க பண்ணுனீங்க, மூஞ்சில படுற மாதிரி?" என்று கேட்டார் சாச்சி. நிலக்காரர் மூஞ்சியைத் தடவிக்கொண்டே படியிறங்கினார். ஆனாலும் நடவு முடிகிறவரை சாச்சி படத்தை அரை மணி நேரம் தள்ளித்தான் போட்டார். வயல் காய்ந்தால் தெருவே காயும் என்று அவருக்குத் தெரியாதா?

அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இன்றைய படங்களிலும் பெண்கள் சண்டை போடுகிறார்கள். பறக்கிறார்கள், பத்து மாடி தாண்டுகிறார்கள், நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இருப்பதில்லை. பழைய படத்துக்காரிகளுக்கு மூச்சு வாங்கும். அடி வாங்கினால் உதடு வீங்கும். குடை, கரண்டி, விளக்குமாறு, பெஞ்சு என்று கையில் கிடைத்ததை எடுத்துச் சமாளிப்பார்கள். எவனாவது குதிரையில் வந்து காப்பாற்றுவான் என்று வாசலைப் பார்க்க மாட்டார்கள். சண்டை முடிந்ததும் உட்கார்ந்து வயிறார ஒரு கிண்ணம் சாப்பிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது.

என் அம்மா கமலா, வாயில்லாப் பூச்சி. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு இருந்தது எட்டு மா நிலம், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், ஆற்றுப்பாசனம், நல்ல மண். பெரியப்பா கெட்டவர் இல்லை, நிலம் என்று வந்தால் மட்டும் நல்லவர் இல்லை. "பொம்பளை தனியா என்ன வெள்ளாமை பாப்பே? எம் பேருக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெயரைப் பாருங்கள், விடுதலை! எழுதிக் கொடுத்துவிட்டால் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளியில் தாய்மாமன் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போக வேண்டியதுதான். அம்மாவுக்கு அது தெரியும். ஆனால், பெரியப்பா முன்னால் நிமிர்ந்து நின்றுகூடப் பழக்கமில்லை.

பத்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முதல் நாள் சாயந்தரம் அம்மா சாச்சி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நாளைக்கு வண்டி கொண்டாறாராம் சாச்சி. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"வாய் வராட்டிப் போவுதுக்கா. கால் போவாமப் பாத்துக்க. படம் பாத்துட்டுத்தான் வருவேன்னு சொல்லு, போதும்."

மறுநாள் படம் தொடங்கிய சமயம் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. "கெளம்பும்மா, ஆபீசைப் பூட்டிடுவான்" என்றார் பெரியப்பா. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் படம் முடியட்டுங்க மாமா" என்றார். அது அவ்வளவு அசட்டுத்தனமான கோரிக்கையாக இருந்ததால் பெரியப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்.

திரையில் மரப்பாலத்தின் மேல் சண்டை. "எம் புருஷன் போயிட்டா வயலும் போயிடணுமா?" என்று கேட்டு, இரும்பு நக வில்லனை ஆற்றில் தள்ளினாள் நாயகி. சரி, முடிந்தது என்று பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். திரையில் கோடு கோடாக ஏதோ ஓடியது. பார்த்தால், வில்லன் மறுபடி பாலத்தின் மேல் நிற்கிறான்!

"இவனைத்தானே இப்பத் தள்ளிவிட்டா?" என்றார் பெரியப்பா.

டிவியிலிருந்து பதில் வந்தது. "நான் செத்தவனோட தம்பிடி! ரெட்டைப் புள்ளை!"

"அப்படிச் சொல்லு" என்று பெரியப்பா திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

தம்பியும் ஆற்றில் விழுந்தான். மீண்டும் கோடு ஓடியது. மூன்றாவதாக வந்தவன் சித்தப்பா மகனாம், அச்சு அசல் அதே ஜாடை, சட்டைகூட அதே சட்டை. "பெரிய குடும்பமா இருக்கும் போலருக்கு" என்றார் டிரைவர். நாலாவது ஆள், "நீ எழுதிக் குடுக்குறியா, இல்லையா?" என்று கர்ஜித்தான். "மாட்டேன்" என்றாள் அவள். ஐந்தாவது ஆளிடமும் மாட்டேன் என்றாள். ஒவ்வொரு தடவையும் சாச்சியின் குரல் கம்மிக்கொண்டே போனது. கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. ஆனால், அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அம்மா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்துவிட்டது. பெரியப்பா மணி பார்த்துத் திடுக்கிட்டார். "ஆபீஸ் போச்சு! சரி, நாளைக்குக் காலையில வர்றேன், ரெடியா இரு."

"மாட்டேங்க மாமா" என்றார் அம்மா.

எழுந்து நின்றார், முதல் தடவையாகப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். "வயல் எம் புள்ளைங்களுக்கு வேணும். நானே வெள்ளாமை பாத்துக்கறேன். காப்பி சாப்டுட்டுப் போங்க."

பெரியப்பா கத்தவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். ஒரு தடவை சொல்லப் பழகிவிட்ட அம்மாவுக்கு அப்புறம் கஷ்டமாக இல்லை.

சாச்சி இப்போது திருவாரூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். அந்தப் பாலத்துச் சண்டைப் படம் எனக்குச் செல்போனில் அகப்பட்டிருந்தது, கீழே மொழிபெயர்ப்பு எழுத்துகளோடு. கதை என்ன தெரியுமா? ஏதோ மடத்தில் திருட்டுப்போன ஓலைச்சுவடியாம். வயலும் இல்லை, பங்காளியும் இல்லை. சாச்சியிடம் சொன்னேன்.

"எழுதிப் போட்டவனுக்குச் சீன பாஷை தெரியாது போலருக்கு" என்றார்.

"அன்னிக்கு வேணும்னுதானே சாச்சி திருப்பித் திருப்பிப் போட்டீங்க?"

"போ புள்ள. டேப்பு சிக்கிக்கிச்சு. அந்த டெக்கு எப்பவும் அப்படித்தான்." செல்போனை என் பக்கம் தள்ளிவிட்டார். "எல்லாத்துக்கும் நாந்தான் பேசுனேன். ஒங்கம்மா மாட்டேன்னு சொன்னுச்சு பாரு, அதுக்கு மட்டும் நான் கொரல் குடுக்கல. அது அதோட சொந்த வசனம்."

நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். கடைசிவரை சொல்லவே விடவில்லை, பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். அம்மா இன்னும் அந்த எட்டு மாவில் நெல் போடுகிறார். நாங்கள் படித்தது அதில்தான், இன்றைக்கும் என் வீட்டு உலையில் கொதிப்பது அந்த அரிசிதான். ஆகவே திருவாரூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாச்சியே படித்தால் வசனத்தை மாற்றிவிடுவார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இந்த வரியை மட்டும் உள்ளது உள்ளபடி படித்துக் காட்டுங்கள்: சாச்சி, நாங்கள் சாப்பிடுகிற சோறு நீங்கள் போட்டது.