இசக்கி முதலில் பார்த்த முகம்

அகத்திய முனிவரைத் தக்காளி வியாபாரி என்று நினைத்து, "கிலோ என்ன விலைக்குப் போகுது அண்ணாச்சி?" என்று படத்தைக் காட்டிக் கேட்ட முட்டாள் நான்தான். படத்தில் இருந்தது பாவூர்சத்திரம் மார்க்கெட் தராசு. ஒரு தட்டில் தேவர்கள் கூட்டம், மறு தட்டில் குட்டையாக ஒருவர். வேறு என்னதான் நினைப்பது?

"உலகம் சாஞ்சிராம இருக்கத் தெக்க வந்த முனிவருவே அவரு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் முழி அண்ணாச்சி.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஓவியர். தென்காசியில் அவரளவுக்குச் சாமிகளைக் குழப்பியவர் கிடையாது, கும்பிடுகிறவர்களையும்தான். அவர் படத்தில் சுடலைமாடன் அரிவாளோடு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போவார். எல்லாம் வரைந்து முடித்து, கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அதுவரை மாடி முழுக்க முழியில்லாத சாமிகள். பெயர் அப்படி வந்ததுதான். என் மனைவி துணி காயப்போடக்கூட மாடி ஏற மாட்டாள்.

அவர் படம் எதுவும் அதுவரை மாவட்ட எல்லையைத் தாண்டியதில்லை. திடீரென்று சென்னையில் கண்காட்சி வைக்கக் கூப்பிட்டார்கள். அதற்கென்றே ஓர் இசக்கியம்மனை வரைந்தார். குற்றாலத்து ஐந்தருவிதான் அவள் விரித்துப்போட்ட கூந்தல். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சீசன் கூட்டம் அதற்குள் பேன் மாதிரி ஊர்ந்தது. அம்மன் காலில் ரப்பர் செருப்பு.

படத்தை ஏற்றிப்போக வண்டி வருகிற அன்று காலையில் கண் திறப்பு. கோயில் சிலைக்குக் கண் திறந்தால் எதிரே கண்ணாடி காட்டுவார்கள், சாமி முதலில் தன்னையே பார்க்கட்டும் என்று. அண்ணாச்சி படத்துக்கும் அதே முறைதான். கண்ணாடி பிடிக்கும் வேலை எனக்கு.

"அசையாமப் பிடியும்வே."

நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடியில் காதோரம் ஒரு நரைமுடி தெரிந்தது. யாருடையது என்று யோசிப்பதற்குள் அண்ணாச்சி அலறினார்.

"ஏ வே! கண்ணாடிய உம்ம பக்கமால்லா திருப்பி வச்சிருக்கீரு! அவ உம்ம மூஞ்சியல்லா மொதல்ல பாத்துட்டா!"

"இப்பத் திருப்பிக் காட்டட்டுமா அண்ணாச்சி?"

"மொதப் பார்வை ஒண்ணுதாம்வே. இனி எங்க போனாலும் உம்மளத்தான் தேடுவா. நீரு வரலன்னா படமும் வராது, நானும் போகல. வண்டியத் திருப்பி அனுப்பிருதேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு மனிதனின் ஆயுள் கனவு என் நரைமுடியில் தொங்கியது. என் மனைவிக்கு மட்டும் குழப்பமே இல்லை. "போயிட்டு வாங்க. உங்களையும் ஒருத்தி தேடுதான்னா அதுவே பெரிசு" என்று பையைக் கட்டிக் கொடுத்தாள்.

சென்னையில் இசக்கிக்கு எதிரே ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார். வந்தவர்கள் நானும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் என்னைச் சுற்றிவந்து, "முகத்துல இவ்வளவு குழப்பத்தை எப்படிக் கொண்டுவந்தாங்க?" என்று வியந்தார். நான் தும்மியதும் ஓடிப்போனார்.

யாராவது கேள்வி கேட்டால் அண்ணாச்சிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் சட்டையைப் பிடித்து முன்னால் தள்ளுவார். "நீரு சொல்லும்வே."

"இந்தச் செருப்பு எதைக் குறிக்குது?" என்றார் ஓர் அம்மா.

"கால்ல போடுததுங்க."

அந்த அம்மா கண்ணை மூடி, வெகுநேரம் தலையாட்டினார்.

சாயங்காலம் இசக்கி முன்னால் நல்ல கூட்டம். சத்தமில்லாமல் நழுவி எதிர்த்த டீக்கடைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடிவருகிறார் அண்ணாச்சி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சே விட்டார். அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

"அண்ணாச்சி, அம்மன் அங்கன சந்தோஷமாத்தான இருக்கா? ஒருத்தர் மூஞ்சியையும் தேடலயே. அப்ப என்னையத் தேடுதது அவளா, நீங்களா?"

"டீயக் குடியும்வே."