கம்ப்யூட்டர் வாங்கப்போகிறவர்

உலகத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உண்டு. வாங்க வழியில்லாதவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல் நடுவே ஓர் இனம் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறது: வாங்கப்போகிறவர்கள். இவர்களிடம் பணம் இருக்கும், தேவை இருக்கும், கடைக்குப் போகும் வழியும் தெரியும். ஆனாலும் வாங்கமாட்டார்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? அடுத்த மாதம் இதைவிட நல்லது வருகிறதே!

இதோ, அந்த இனத்தில் நல்ல வளர்ச்சியடைந்த ஒருவர். குடிநீர் மீட்டர் பழுதுபார்க்கும் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். ஒருவரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டால் காரியம் முடியாமல் மூடவிடாத தொழில். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு.

மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அப்பா, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். பாதி படிக்க, பாதி விளையாட."

"எல்லாமே படிக்கத்தான்" என்று புளுகாத நேர்மை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"கடையில கட்டிவச்சதை வாங்கினா தலையில மிளகா அரைச்சிடுவான். ஒவ்வொரு பாகமா நாமளே பார்த்து வாங்கி, நாமளே மாட்டுவோம்."

மகள் குதித்தாள். பாவம், "பார்த்து" என்ற சொல் எவ்வளவு நீளமானது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அவர் பார்க்க ஆரம்பித்தார். பல் தேய்க்கும்போது பிராசசர் பார்த்தார், பஸ்ஸில் மதர்போர்டு பார்த்தார், அலுவலகத்தில் ஓடாத மீட்டர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு கிராபிக்ஸ் கார்டு பார்த்தார், எங்கோ ஒரு நாட்டில் தாடி வைத்த இளைஞன் ஒருவன் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பிரித்துக் காட்டுவதைப் படுக்கையில் சாய்ந்தபடி போன் வீடியோவில் கண் கலங்கப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அறிவு பெருகியது. வாங்கும் எண்ணம் சுருங்கியது. ஒரு ரேமைத் தேர்ந்தெடுப்பார்; அதற்கு மதர்போர்டு ஒத்துவராது. மதர்போர்டை மாற்றினால் பிராசசர் முகம் திருப்பிக்கொள்ளும். சம்பந்தம் பேசுகிற வீட்டில்கூட இத்தனை பொருத்தம் பார்த்திருக்கமாட்டார்கள். எல்லாம் கூடிவரும் நேரத்தில் தாடிக்காரன் வந்து, "கொஞ்சம் பொறுங்கள், புதியது வருகிறது" என்பான். பொறுத்தார். பொறுப்பான அப்பா என்றால் சும்மாவா?

அலுவலகத்தில் யாராவது கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் போதும், துக்கம் விசாரிக்கிற குரலில் போய் நிற்பார்: "அவசரப்பட்டுட்டீங்களே சார்…" வாங்கியவர் அன்று முழுக்க பில்லை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவர் வாங்கியதே இல்லையா? வாங்கினார். பாகங்களை மாட்டும் வெளிப்பெட்டி, கேபினட், அது ஒன்று மட்டும் வாங்கினார். பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் வண்ண விளக்கு விசிறிகள். உள்ளே காற்று. அது கூடத்தின் மூலையில் மாதக்கணக்காகக் காலியாக நின்றது. மனைவி அதற்குள் குடைகளை வைத்தாள்.

"என்னங்க, குடை வைக்க ரொம்ப வசதியா இருக்கு. இதுலயே இன்னொண்ணு கிடைக்குமா?"

அவர் பிராசசர் பார்த்துக்கொண்டிருந்தார். மேதைகள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இதற்கிடையில் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள்: தெருவில் விழும் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு குறும்படம் எடுத்துவர வேண்டும். மகள் சாக்கடையைப் படம் பிடித்தாள், மொட்டைமாடியைப் பிடித்தாள், அப்பாவையும் பிடித்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தண்ணீர்க் குழாய்களைப் பற்றி மிக அழகாகப் பேசினார். எல்லாவற்றையும் அம்மாவின் பழைய போனிலேயே வெட்டி ஒட்டினாள். போன் சூடேறியது, திணறியது, கடைசியில் ஒரு மாலை கறுத்துப்போய் அடங்கிவிட்டது. அதோடு படமும் போயிற்று.

மகள் அழவில்லை. கத்தவில்லை. ஓர் அட்டையில் குழாய்களை வரைந்து வண்ணம் தீட்ட உட்கார்ந்தாள். அவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"நான் வேணா டீச்சர்கிட்ட பேசட்டுமா, கண்ணு?"

"பரவாயில்லப்பா. நீங்க மெதுவா பாருங்க."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்று இரவு அவர் பிராசசர் பார்க்கவில்லை. தாடிக்காரனையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனார்கள். இவருடைய கேள்விகளுக்குப் பலமுறை பதில் சொல்லி ஓய்ந்துபோயிருந்த கடைக்காரர், தலையைக் கண்டதும் பில் மிஷினுக்குப் பின்னால் பதுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"இன்னைக்கு வாங்கத்தான் வந்திருக்கோம்," என்றார் இவர் கம்பீரமாக.

பழகிய வாய் கேட்குமா? "அடுத்த மாசம் புதுசு வருது சார்," என்றார் கடைக்காரர்.

இவருடைய கண்ணில் ஓர் ஒளி. "ஒரே நிமிஷம்…" என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நழுவினார்.

திரும்பி வந்தபோது மேசைமேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. நடந்தது இதுதான்: மகள், "இப்ப கையில இருக்கிறதுல ஒண்ணோடொண்ணு ஒத்துப்போறது எதுண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் எடுத்து வைத்திருக்கிறார். அம்மா பேங்க் கார்டைத் தேய்த்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"ஐயோ, இந்த கிராபிக்ஸ் கார்டா? இதுல விசிறிச் சத்தம்…"

மனைவி பார்த்தாள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடப்பவரைப் பார்க்கும் பார்வை அது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் குடைகளை வெளியேற்றிவிட்டு மகள் மாட்ட ஆரம்பித்தாள். எந்தப் பிராசசர் எவ்வளவு சூடேறும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவர் கையில் திருப்புளியைக் கொடுத்ததும், திருகாணி சோபாவுக்கு அடியில் ஓடிற்று. ரேமைத் தலைகீழாகச் செருகப் பார்த்தார். "நீங்க டார்ச் பிடிங்கப்பா" என்று பதவி கொடுத்தாள் மகள். ஒழுங்காகப் பிடித்தார்.

சுவிட்சைத் தட்டினாள். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் மின்னின, திரை மட்டும் இருண்டே கிடந்தது. மகளின் முகமும் இருண்டது. அப்போதுதான் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மானிட்டர் வயரை மேல குத்தியிருக்கே… கீழ, கிராபிக்ஸ் கார்டுல குத்திப் பாரேன்."

குத்தினாள். திரை வெளிச்சமாயிற்று. "அப்பா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அத்தனை மாதப் படிப்பிலும் உதவியது அந்த ஒரே வரிதான்; ஆனால் அந்த மனிதர் சிரித்த சிரிப்பைப் பார்த்திருந்தால் நீங்களும் மன்னித்திருப்பீர்கள். இப்போது அவரிடம் கம்ப்யூட்டர் பற்றிய பேச்சே இல்லை. புது சோபா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இப்படியெல்லாம் கிடையாது, தெரியும். அந்த பிரிட்ஜை வாங்காமல் இருப்பதற்கு உங்களிடம் தக்க காரணம் இருக்கும். ஆனால் ஒன்று: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பக்கத்தில் இதைவிட நல்லதாக ஏதாவது இருக்குமோ என்று உங்கள் விரல் லேசாகப் புரட்டிப் பார்த்ததே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா?