சுற்றுலாப் பயணி அல்லாத டெல்ஃபிம்

நீங்கள் சுற்றுலாப் பயணியா?

அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். 'சேச்சே, நான் அந்த ரகம் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரனைப் போலவே இருந்துவிட்டு வருகிறவன்' என்று சொல்ல வாயெடுத்தீர்களா? அப்படியானால் டெல்ஃபிமை உங்களுக்கு அறிமுகப்படுத்துவது என் கடமை. நீங்கள் இருவரும் ஒரே இனம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். தன் ஊருக்கு வரும் அந்நியனைக் கண்டால் இதற்கு வயிறு எரியும். தான் அந்நியனாகப் போகும் ஊரிலோ, தன்னைத் தவிர மற்ற எல்லோரும் அந்நியர்கள் என்று நினைக்கும். முன்னதற்குப் பெயர் போராட்டம். பின்னதற்குப் பெயர் பண்பாட்டுத் தேடல்.

டெல்ஃபிம் லிஸ்பன்காரர். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். மேட்டில் ஏறும் ஒரு குறுகலான தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அத்தை விட்டுச்சென்ற சொந்த வீட்டில், மனைவி ஃபிலோமெனாவோடு வசிக்கிறார். அந்தக் கட்டடத்தில் பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களுக்கான வாடகை அறைகளாகிவிட்டன. வாசல் கம்பியில், வருகிறவர்கள் தாங்களே எண்ணை அழுத்திச் சாவி எடுத்துக்கொள்ளும் சாவிப் பெட்டிகள் வௌவால்கள்போலத் தொங்குகின்றன. தெருக்கல்லில் பயணப் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று உருளாத நாள் இல்லை. டெல்ஃபிம் சும்மா இருப்பாரா? குடியிருப்போர் சங்கம் தொடங்கினார், தாமே தலைவரானார், ஃபிலோமெனாவின் கல்யாணத்துக்கு வந்த நல்ல பருத்தி விரிப்பை எடுத்து, அதில் சிவப்புச் சாயத்தால் 'இங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள்' என்று எழுதி, பால்கனியில் தொங்கவிட்டார்.

"வேற துணியே கிடைக்கலியா உனக்கு?" என்று ஃபிலோமெனா கேட்டதற்கு, "வரலாறு பழைய துணியில எழுதப்படாது, மெனா" என்றார்.

தரைத்தளத்தில் அன்செல்மோ குடியிருக்கிறார். பகல் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளை டிராமில் ஏற்றி மேட்டுக்கு இழுத்துப்போகிற ஓட்டுநர். இரண்டு பெண்பிள்ளைகள். அந்த வீட்டையும் விடுதியாக்க அனுமதி கேட்டு வீட்டுக்காரர் மனுப் போட்டிருந்தார். வட்டார மன்றம் ஒரு சனிக்கிழமை கூடி முடிவு செய்யும். அனுமதி கிடைத்தால் அன்செல்மோ வெளியே. கிடைக்காவிட்டால் அங்கேயே இருக்கலாம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அன்செல்மோவுக்கு அதுதான் எல்லாம்.

"நான் பேசுறேன்யா. புள்ளிவிவரத்தோட பேசுறேன். நீ நிம்மதியாத் தூங்கு," என்றார் டெல்ஃபிம்.

"உங்களை நம்பித்தான் இருக்கேன், தலைவரே."

இந்த வாக்குறுதிக்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் நடுவேதான் டெல்ஃபிம் பிராக் நகருக்கு ஒரு வார இறுதிப் பயணம் திட்டமிட்டார்.

அடடா, அந்தத் திட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இரவுச் சாப்பாடு முடிந்ததும் மீன்முள் கிடக்கும் தட்டைத் தள்ளிவிட்டு, கணினியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த ஊர்க் கோட்டைக்குப் போகும் கூட்டம் எந்த வழியாகப் போகிறது என்று ஆராய்ந்து, அந்த வழியை விலக்கி, அந்த வழியை விலக்குகிறவர்கள் போகும் வழியையும் விலக்கி, கடைசியில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கமாகக் கோட்டையை அடையும் ஒரு பாதையைக் கண்டுபிடித்தார். நாற்பது லட்சம் பேர் படித்த 'யாருக்கும் தெரியாத பத்து உணவகங்கள்' என்ற கட்டுரையிலிருந்து யாருக்கும் தெரியாத ஓர் உணவகத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்குள்ள பழைய பாலத்துச் சிலையைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று மூடர்கள் வரிசையில் நிற்பதைப் படத்தில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டார் என்பதற்காக ஒரு வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்தார். கடவுளைக் கேள்வி கேட்கத் தெரிந்த மனிதருக்கு நட்சத்திரத்தைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஆம், வீடுதான். ஓட்டல் அல்ல. ஓட்டல் சுற்றுலாப் பயணிகளுக்கு!

"இங்க பாரு மெனா, எவ்வளவு அசலா இருக்கு! பழைய கட்டடம். பக்கத்து வீடுகள்ல நிஜ ஜனங்க. காலையில அவங்க காப்பி வாசனை நம்ம அறைக்கு வருமாம். பால்கனியில பாரு, ஏதோ துணி கட்டியிருக்காங்க. உள்ளூர்த் திருவிழா போல."

ஃபிலோமெனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல்மாடிப் பால்கனியில் ஒரு படுக்கை விரிப்பு. அதில் செக் மொழியில் பெரிய சிவப்பு எழுத்துகள். கைப்பேசியை எழுத்துகளுக்கு நேரே பிடித்தாள். அது மொழிபெயர்த்துக் காட்டியது. அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியைக் கணவர் பக்கம் திருப்பினாள்.

'இங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள்.'

டெல்ஃபிம் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினார்.

"அது வேற, மெனா."

"என்ன வேற?"

"அவங்க எதிர்க்கிறது குடிச்சிட்டுத் தெருவுல பாடுற கும்பலை. நாம அப்படியா? நாம ஊரை மதிக்கிறவங்க."

"நம்ம மாடிக்கு வர்றவனும் அவன் பெண்டாட்டிகிட்ட இதையேதான் சொல்லிட்டுக் கிளம்புறான். சரி, என்னைக்குப் போறதா இருக்கே?"

சொன்னார்.

"அந்தச் சனிக்கிழமையா? அன்செல்மோவோட கூட்டம்?"

"மலிவு டிக்கெட், மெனா. தேதி மாத்த முடியாது. பேச வேண்டியதை எழுதிக் குடுத்துட்டுப் போறேன், யாராவது வாசிக்கட்டும். கொள்கைதான் முக்கியம், ஆள் இல்லை."

எத்தனை அநியாயங்கள் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஏறி உலகைச் சுற்றி வந்திருக்கின்றன! கொள்கை பால்கனியில் காய்ந்துகொண்டிருக்கும். ஆள் விமானத்தில் பறந்துகொண்டிருப்பார்.

"நீ போ. நான் வரலை," என்றாள் ஃபிலோமெனா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்ஃபிம் தனியாகக் கிளம்பினார். பெட்டிச் சக்கரங்கள் கல்லில் இறங்கின. கடகட, கடகட. தரைத்தளத்து ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஊருக்குப் போய்ச் சேருங்கடா! இங்க மனுஷங்க வசிக்கிறாங்க!"

"யோவ், நான்தான்யா. டெல்ஃபிம்!"

"தெரியும் தலைவரே. தெரிஞ்சுதான் கத்தினேன்."

டெல்ஃபிம் ஒரு கணம் நின்றார். பிறகு, வேறென்ன, போனார். விமானம் காத்திருக்காது அல்லவா?

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஃபிலோமெனா பேசினாள். மேடையே ஏறாதவள், விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இனி இரண்டே பேர்தான், இருவரும் அன்செல்மோவின் பிள்ளைகள் என்று சொன்னாள். மன்றத்தார் தலையசைத்தார்கள். வீட்டுக்காரரின் வழக்கறிஞர் எழுந்து, மிகவும் பணிவாக, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க சங்கத் தலைவர் இன்னைக்கு எங்கம்மா?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பிராக்ல."

"ஓட்டல்லயா?"

அவள் மடியிலிருந்த விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தாள். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மன்றமே சிரித்தது. சிரித்து முடித்தபோது அனுமதி வழங்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஊர் திரும்பும் வழியில், தாம் தங்கிய வீட்டுக்கு டெல்ஃபிம் நான்கு நட்சத்திரம் போட்டார். 'வீடு அருமை. காப்பி வாசனை மட்டும் வரவில்லை, பக்கத்து வீடுகள் காலி. ஊரில் ஒரே குறை: எங்கே பார்த்தாலும் சுற்றுலாப் பயணிகள்.' ஐந்தாவது நட்சத்திரத்தை அதற்காகவே பிடித்துக்கொண்டார்.

இப்போது தரைத்தள வாசலிலும் ஒரு சாவிப் பெட்டி தொங்குகிறது. அன்செல்மோ ஆற்றுக்கு அப்பால் குடிபோய்விட்டார். பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. அந்த வீட்டில் முதலில் வந்து தங்கியவர்கள் நல்ல மனிதர்கள், மெதுவாகப் பேசுகிறவர்கள். படிக்கட்டில் டெல்ஃபிமைப் பார்த்து, "நாங்க டூரிஸ்ட் இல்லைங்க" என்றார்கள்.

டெல்ஃபிமைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? நல்லது. திட்டி முடித்ததும், அடுத்த விடுமுறைக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கிறீர்களே ஒரு வீடு, அசலான, பழைய, அழகான வீடு, அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பால்கனியில் துணி தொங்கினால் படியுங்கள். தொங்காவிட்டால், முன்பு தொங்கவிட்டிருந்தவர் எங்கே போனார் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

அது முடியாது, மலிவு டிக்கெட் வாங்கியாயிற்று என்கிறீர்களா? சரி, பெட்டியையாவது உருட்டாமல் தூக்கிக்கொண்டு நடங்கள்.