பலாலி, ரத்மலானை, ஒரு மணித்தியாலம்

லண்டனில் வளைந்த தெருவே இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் அடிமட்டம் அண்ணைதான். கணக்கு வாத்தியார்கள்கூட நேர்கோட்டை அந்த அளவுக்கு நம்பியதில்லை. குட்மேய்ஸில் நாங்கள் சில பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில் அவருக்கு முன்னறை. வேலை பெற்றோல் நிலையத்தில். சட்டைப் பையில் பேனை இருக்கவேண்டிய இடத்தில் சின்ன அடிமட்டம் ஒன்று, கோடு போடுகிற அளவுகோல்தான், செருகியிருக்கும். யாராவது வழி கேட்டால் வரைபடத்தை விரித்து, அதை வைத்து அளந்து, "இந்தா, கிட்டத்தான்" என்று அனுப்பிவிடுவார். போனவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் திரும்பி வருவார்கள்.

ஒரு கலியாணத்துக்கு அப்டன் பார்க்கிலிருந்து ஐயரை ஏற்றி கோலியர்ஸ் வுட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பை, ஒருவரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். மாப்பிள்ளை வந்தார், மேளக்காரர் வந்தார், ஐயரைக் காணவில்லை. முகூர்த்தம் முடிகிற நேரத்தில் ஐயர் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார். பொம்பிளையின் தகப்பன் பல்லைக் கடித்தபடி அண்ணையிடம் போனார்.

"தம்பி, எங்கை போனனீர்?"

"இடையிலை தேம்ஸ் வந்திட்டுது."

அந்த ஆற்றை அன்று காலையில்தான் யாரோ வெட்டிவிட்டதுபோலச் சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்தது அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகத் தனியே இருந்த அவருடைய மனைவிக்கு, லண்டன் விசாவுக்காகக் கொழும்பில் நேர்முகம் கிடைத்தது. தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். சண்டையால் தரைப்பாதை பூட்டு. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானைக்குப் பறக்கிற விமானம்தான் நம்பிக்கை. அண்ணை அட்லஸை விரித்தார்.

"இருநூறு மைல். ஒரு மணித்தியாலம். முதல்நாள் வெளிக்கிட்டாக் காணும்."

"அண்ணை, பலாலிக்குப் போய்ச் சேரவே எத்தினை செக்கிங்! பிளேன் நினைச்ச நாளிலை ஓடாது. வெள்ளெனவே வரச்சொல்லுங்கோ" என்றேன்.

"ஆகாயத்திலை ஆர் ஐசே செக் பண்ணுறது?"

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைத் தொலைபேசிக்கு மனைவியை வரவழைத்து, அப்படியே உத்தரவும் போட்டுவிட்டார்.

நேர்முகத்துக்கு முதல்நாள் கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். அந்தக் கிழமை முழுக்கப் பலாலியிலிருந்து ஒரு விமானமும் வரவில்லையாம். அண்ணை மாடிப்படியில் இருந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தானே சொன்னனான், நான்தானே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். வழக்கமாக அவரைக் கிண்டல் செய்கிற நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

மறுபடி போன் அடித்தது. அவர் மனைவி. அந்தக் காலத்தில் கடல் கடந்து பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் வீடு முழுக்கக் கேட்டது.

"நான் கொழும்பிலை, வெள்ளவத்தையிலை நிக்கிறன். பிளேன் இல்லையெண்டு கேட்டுப் பயந்திருப்பியள் எண்டுதான் எடுத்தனான். நான் வந்து ரெண்டு கிழமையாச்சு."

"ரெண்டு கிழமையோ! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அளக்கத் தொடங்குவியள்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு உடைந்த குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாப்பிட்டீரோ?"

அந்த மனிதர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.